பிள்ளையாருக்குள் வைத்த தபால்

எங்கள் தெருவில் அந்த வண்டிக்கு வைத்த பெயர் ‘ஓடுற வூடு’. என் தம்பி பத்து வருடம் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன் அது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து பலகைக் கட்டில் அடித்தோம். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு இன்வெர்ட்டர் பாட்டரி. தலைமாட்டில் ஆக்ஸிஜன் மெஷின். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, அதன் அடியில் வாளி. ஒற்றை அடுப்பு. ஜன்னல்களுக்கு என் பழைய சேலைகள். பணம் உள்ளவர்கள் இதையே கேரவன் என்று சொல்லிக் குளுகுளுவென்று ஊர் சுற்றுகிறார்களாம். நாங்கள் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் போய்விட்டது. மெஷின் இல்லாமல் அவரால் ரயிலில் உட்கார முடியாது, லாட்ஜில் மாடி ஏற முடியாது. அதனால் வீட்டையே உருட்டிக்கொண்டு போனோம்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் கல்லு அரைக்கிற கொட்டகையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவருக்கு நெஞ்சு வேறு எப்படி இருக்கும்? டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே தூசி படிந்து இறுகிவிட்டது என்றார். அவரை வெளியே அனுப்பிவிட்டு, ‘இனிமே பெருசா மருந்து ஒண்ணும் இல்லம்மா, ஆசைப்பட்டத செஞ்சு குடுங்க’ என்று என்னிடம் சொன்னார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. செய்து கொடுக்க நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து என்ன ஆசை என்று கேட்டேன். பிரியாணி என்பார், பழமலைநாதர் கோயில் தேர் என்பார் என்று நினைத்தேன்.

‘கப்பலு’ என்றார்.

‘எந்தக் கப்பலு?’

‘விசாகப்பட்டினத்துல கடலோரமா ஒரு பழைய போர்க்கப்பல ஏத்தி வெச்சிருக்காங்க. தண்ணிக்குள்ள முழுகிப் போற கப்பலு. டிக்கெட் வாங்கினா உள்ளார போயி பாக்கலாம். போன்ல பாத்தேன்.’

‘அது எதுக்கு மாமா இப்ப?’

‘என்னை வேணாம்னு தள்ளிவுட்டவங்களோட கப்பலு எப்படித்தான் இருக்குதுன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்.’

அவரை யாரும் தள்ளிவிடவில்லை.

இருபது வயதில் அவர் மெட்ராசுக்குப் போய்க் கடற்படைக்குப் பரீட்சை எழுதினார், ஓடினார், உடம்புப் பரிசோதனை வரைக்கும் போனார். மூச்சை இழுத்தால் நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும். டேப் வைத்து அளந்தவர் உதட்டைப் பிதுக்கினாராம். லெட்டர் வரும், போ என்று சொல்லி அனுப்பினார்களாம். லெட்டர் வரவில்லை. அந்தப் பிதுக்கின உதட்டை வைத்து இவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். ‘அர சென்டிமீட்டர்ல போச்சு’ என்று முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் சொல்வார், டீக்கடையில் சொல்வார். முதல் முதலாக இருமல் வந்து நிற்காமல் போனபோது ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று கெஞ்சினேன். ‘நம்ம நெஞ்சே அப்படித்தான். அன்னைக்கே சர்க்கார் டாக்டரு கண்டுபுடிச்சிட்டாரு’ என்று சிரித்தார். அப்படியே ஆறு வருடம் போனது.

லெட்டர் வந்தது. என் கையில்தான் வந்தது.

அவர் என் அத்தை மகன். அப்போது எங்களுக்குப் பரிசம் போட்டு நான்கு மாதம். அவர்கள் குடியிருந்த சந்துக்கு ஒழுங்கான கதவு எண் கிடையாது. அதனால் அவர்களுக்கு வருகிற தபால் எல்லாம் என் அப்பாவின் சைக்கிள் கடை விலாசத்துக்கு வரும். அன்று மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அப்பா டியூப் வாங்க வெளியே போயிருந்தார். தபால்காரர் பழுப்பு உறை ஒன்றை என்னிடம் நீட்டி, ‘உன் மாமனுக்குத்தான். நல்ல சேதின்னா ஸ்வீட்டு குடுக்கணும்’ என்று சிரித்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். பத்தாவது வரை படித்தவள் நான், இங்கிலீஷ் முழுக்கப் புரியாது. ‘செலக்டட்’ என்ற சொல் புரிந்தது. ஒரிசாவில் ஒரு இடத்துக்கு, இன்ன தேதியில், இன்னின்ன சாமான் எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்பதும் புரிந்தது.

எதிர் வீட்டு அக்காவின் புருஷன் கப்பல் வேலை என்று போனவர், மூன்று வருடமாக முகம் காட்டவில்லை. அந்த அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே பூ கட்டுவாள். எனக்குப் பதினெட்டு வயது. எனக்கு அவர் வேண்டும், கண்ணெதிரில் வேண்டும், அவ்வளவுதான். நாட்டுக்கு விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மை எல்லாம் என்னிடம் இல்லை. அறியாத வயசு என்று என் தம்பி இப்போது எனக்காகப் பரிந்து பேசுகிறான். நன்றாக அறிந்துதான் செய்தேன்.

உறையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பினேன். எங்கள் இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து வைப்பது என் வேலை. அவற்றைச் சூளைக்குள் அடுக்குவது அவர் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உறையை வீட்டுக்குக் கொண்டுபோனால் யாராவது பார்ப்பார்கள். கிழித்துப் போட்டால் பெருக்குகிற அம்மா பொறுக்குவாள். பீங்கான் ஊர்க்காரிக்கு ஒன்றை எரிக்க வேண்டும் என்றால் சூளைதான் நினைவுக்கு வரும். என் முன்னால் பிள்ளையார் பொம்மைகள் வரிசையாக இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடு. அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை இருக்கும். சூடு ஏறும்போது ஈரம் ஆவியாகி அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கம்பெனிக்கு வருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது. நான் அந்த உறையைச் சுருட்டி, ஓட்டைக்குள் திணித்து, கட்டைவிரலால் அழுத்தினேன். அவரே வந்து என் கையிலிருந்து அந்தப் பிள்ளையாரை வாங்கிக்கொண்டு போனார்.

சூளையில் எல்லாம் சாம்பலாகிவிடும் என்று நினைத்தேனே தவிர, காகிதம் எரியும் முன்பே ஈரம் ஆவியாகும் என்று யோசிக்கவில்லை. போக வழி இல்லாமல் பிள்ளையார் உள்ளேயே வெடித்தார். அக்கம்பக்கத்தில் இருந்த பொம்மைகளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனார். சூளையைத் திறந்த அன்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்து, ‘ஓட்டைய பாக்காம அடுக்கியிருக்கியே, கண்ண எங்க வெச்சிருந்த?’ என்று கேட்டார். ஒவ்வொரு பொம்மையையும் கவிழ்த்துப் பார்த்துத்தான் அவர் அடுக்குவார். அன்று மட்டும் அந்த ஒன்றை ஏன் பார்க்கவில்லை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே அவரைச் சூளையிலிருந்து எடுத்து, கல்லு அரைக்கிற கொட்டகையில் போட்டார்கள். வெள்ளைக் கல்லை மாவாக்குகிற இடம். உள்ளே நின்றால் பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியாது. தலை, புருவம், இமை எல்லாம் வெளுத்துத்தான் சாயங்காலம் வெளியே வருவார். ‘கிழவன கட்டிக்கப் போற’ என்று என்னைக் கேலி செய்வார்.

ஆக, என் ஒரு காரியத்தால் கப்பலும் போனது, சூளை வேலையும் போனது, நெஞ்சும் போனது. இதை அவர் உயிரோடு இருக்கும்போதே நான் சொல்லியாக வேண்டும். உன் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, நீ தேறினவன் என்று அவர் காதில் போட வேண்டும். சொல்லாமல் அவர் போய்விட்டால் நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

உளுந்தூர்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோதே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். தம்பி முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ‘மாமா, ஒண்ணு சொல்லணும்’ என்றேன். ‘அந்த வாளிய எடு மொதல்ல, அவசரம்’ என்றார். வாளி வேலை முடிந்தபோது எனக்குத் தைரியமும் முடிந்திருந்தது.

வண்டி ஓடும் வரை பாட்டரி ஏறும். நின்றால் நான்கு மணி நேரம் தாங்கும். அந்த நான்கு மணி நேரத்தையும் முழுசாக நம்ப முடியாது என்பதால் நின்ற இடமெல்லாம் நான் பிளக் பாயிண்ட் தேடி அலைந்தேன். பெட்ரோல் பங்க், தாபா, பஞ்சர் கடை என்று ஒன்றையும் விடவில்லை. நெல்லூரைத் தாண்டினதும் தமிழ் எடுபடவில்லை. மூக்கில் குழாய் மாட்டிய மாதிரி சைகை காட்டுவேன், வண்டியைக் காட்டுவேன், கையெடுத்துக் கும்பிடுவேன். முக்கால்வாசிப் பேர் மனிதர்கள்தான், வயரை வாங்கிச் செருகிவிட்டுத் தண்ணீரும் கொடுத்தார்கள். ஒருவர் மட்டும் பிச்சைக்காரி என்று நினைத்து வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார். அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி எண்பத்தாறு காட்டியது. சிரிக்காதீங்க என்று அதட்டினேன்.

இரண்டாம் நாள் கோதாவரிப் பாலத்தில் போகும்போது ஜன்னல் சேலையை ஒதுக்கிவிட்டுக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார். ‘இவ்ளோ தண்ணி நம்ம மணிமுத்தாத்துல ஓடினா எப்படி இருக்கும்’ என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கோபம் வந்தால் மூச்சு முட்டும், அவரைக் கோபப்பட விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டர் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது சாக்கு. அவர் மூச்சை நினைத்துப் பயந்ததில் பாதி பொய். அவர் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குத்தான் பயந்தேன்.

விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை. திங்கட்கிழமை விடுமுறை என்று போர்டு தொங்கியது. போனில் கப்பலைப் பார்த்தவர் கிழமையைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தம்பி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். கடற்கரை ரோட்டின் ஓரத்தில், கறுப்பாக, நீளமாக அந்தக் கப்பல் மேடை மேல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் முழுக்க வண்டிக்குள் கிடந்தோம். டிபன் தள்ளுவண்டி அம்மா ஒருத்தி தன் கடைக்கு இழுத்திருந்த வயரில் எங்களுக்கும் இடம் கொடுத்தாள். மதியம் கரண்ட் போனது. தம்பி எஞ்சினைப் போட்டான். மெஷின் ஓடியும் அளவு எண்பத்திரண்டுக்கு இறங்கியது. அவர் உதடு நீலமாகத் தெரிந்தது.

‘அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்’ என்றான் தம்பி.

‘போனா உள்ளார வெச்சிப் பூட்டிடுவாங்க மாப்ள. நாளைக்குக் கப்பலு. அப்புறம் எங்க வேணா போவலாம்’ என்றார் அவர்.

இங்கேயே, இந்த வண்டியிலேயே போய்விடுவார், நான் சொல்லாமலே இருந்துவிடப் போகிறேன் என்று தோன்றியது. அவர் காதருகே குனிந்தேன். கண்ணை மூடியிருந்தார். ‘மாமா’ என்றேன். ‘உம்’ என்றார். என் வாயிலிருந்து வந்தது, ‘கஞ்சி வெக்கட்டுமா?’ என்பதுதான். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் மதியத்துக்கு மேல் திறந்தார்கள். அளவு எண்பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது. சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டேன். நாற்பது நிமிடம் வரும். அதிலிருந்து போகிற குழாய் அவர் மூக்கில். இடையில் நான்கு அடிதான். ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்க வேண்டும், நடுவில் திரும்ப முடியாது என்று வாசலில் சொன்னார்கள். தம்பி வண்டியை இறங்குகிற பக்கம் கொண்டுபோய் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றான். நாங்கள் இருவர் மட்டும் படி ஏறினோம். ஒவ்வொரு படிக்கும் நின்றார்.

உள்ளே சுற்றிக் காட்டுகிறவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்குக்காரர், மெட்ராசில் பல வருடம் இருந்ததால் நன்றாகத் தமிழ் பேசினார். இவருடைய குழாயைப் பார்த்துவிட்டு, மற்றவர்களை முன்னால் அனுப்பி, எங்களோடு மெதுவாக வந்தார். கப்பல் என்றால் ஹால் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு பக்கமும் குழாயும் சக்கரமும் மீட்டருமாக அடைத்துக்கொண்டு, நடுவில் ஒருவர் ஒருக்களித்துப் போகிற அளவுக்குத்தான் வழி. அறைக்கும் அறைக்கும் நடுவே வட்டமான ஓட்டைக் கதவு. காலைத் தூக்கி, முதுகை வளைத்து நுழைய வேண்டும். என் வீட்டுக்காரர் நுழைவார், பிறகு நான் சிலிண்டரோடு நுழைவேன். ஒரு கரண்ட் பெட்டிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவர் குனிந்து பார்த்து, ‘பீங்கானு’ என்றார். ஏதோ சொந்தக்காரரைப் பார்த்துவிட்டது போல அவருக்கு ஒரு சந்தோஷம்.

மூன்றாவது அறையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள் இருந்தன. கீழ்ப் படுக்கையில் அவரை உட்காரச் சொன்னார் அந்த மனிதர். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கொஞ்சம் தேறியதும் கேட்டார்.

‘சார், இதுல வேலைக்கு வர நெஞ்சு எவ்ளோ சார் விரியணும்?’

‘அஞ்சு சென்டிமீட்டர்.’

‘எனக்கு நாலரைதான். அதுலயே கழிச்சுட்டாங்க.’

‘அங்கேயே சொல்லிட்டாங்களா?’

‘இல்ல சார். லெட்டர் வரும் போன்னாங்க. வரல.’

அந்த மனிதர் நெற்றியைச் சுருக்கினார். ‘நெஞ்சு பத்தலன்னா அங்கேயே, அப்பவே சொல்லி அனுப்பிடுவாங்களே. என்கூட வந்த பையன அப்படித்தான் அனுப்பினாங்க, அழுதுகிட்டே போனான். லெட்டர் வரும்னு சொன்னாங்கன்னா உங்க நெஞ்சுல குறை இல்ல சார். வேற ஏதோ காரணம்.’ முன்னால் போன கூட்டத்தில் யாரோ கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று அவர் கதவுக்குள் குனிந்து போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘நெஞ்சுல குறை இல்லியாமே’ என்றார். அந்த முகத்தில் வந்த ஆசையை என்னால் எழுத முடியவில்லை. பிறகு சின்னப் பையன் கேட்பது போலக் கேட்டார். ‘அப்ப ஏன் லெட்டரு வரல?’

விரல் கருவி எண்பத்தைந்து காட்டியது. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

‘வந்துச்சு மாமா.’

‘எங்க வந்துச்சு?’

‘கடைக்கு. எங்கிட்ட குடுத்தாங்க. நான் உங்ககிட்ட குடுக்கல. நீங்க போயிடுவீங்கன்னு குடுக்கல.’

மெஷின் சத்தம் இல்லாமல் அவர் மூச்சு மட்டும் கேட்டது. அறைந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் நின்றேன்.

‘அப்ப நான் பாஸா?’ என்றார்.

‘பாஸ்தான் மாமா. செலக்டட்னு போட்டிருந்துச்சு.’

சிரித்தார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, சிரிக்கிறார். பக்கத்து இரும்புச் சுவரைக் கையால் தட்டினார். ‘பாஸு’ என்றார். ‘அஞ்சு இருந்துருக்குது. அதுக்கு மேலயே இருந்துருக்குது.’ என் மேல் கோபப்படுவதற்கு முன்னால் அவருக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

‘லெட்டரு எங்க?’ என்றார்.

பாதியோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி வாய் திறக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ‘எரிச்சுட்டேன் மாமா. ஒரு பிள்ளையாருக்குள்ள வெச்சு சூளைக்கு அனுப்பினேன்’ என்றேன்.

சூளைக்காரருக்கு விளக்கம் தேவையா? அவர் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் பார்த்தேன்.

‘எப்படி வெச்ச? அடி ஓட்டையிலயா?’

‘ஆமா.’

‘வெடிச்சுதே, அந்தப் பிள்ளையாரா?’

‘ஆமா மாமா.’

‘நான் கவுத்துப் பாக்கல’ என்று தன் முழங்காலைப் பார்த்துச் சொன்னார். ‘எல்லாத்தயும் பாப்பேன். அது நீ குடுத்ததுன்னு கவுத்துப் பாக்கல.’

முப்பது வருடத்துக்கு மேல் மேனேஜரிடமும் சொல்லாத காரணம் அது. நான் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டார். எழுந்து அடுத்த கதவுக்கு நடந்தார். நான் கை கொடுத்தேன், தட்டிவிட்டார். என்னை விட்டு விலகிப் போக வேண்டும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் சிலிண்டர் என் தோளில் இருந்தது, நான்கு அடிக்கு மேல் அவரால் போக முடியவில்லை. குழாய் இழுத்தால் நின்றார், நான் வந்ததும் நடந்தார். திரும்பியே பார்க்கவில்லை. மீதி அறைகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசிக் கதவில் அந்தக் கடற்படைக்காரர் நின்றிருந்தார். அவரிடம் இவர் கையை நீட்டினார். ‘சார், நான் பாஸ் ஆனவன் சார். லெட்டரு தவறிப்போச்சு’ என்றார். அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, நேராக நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். இவரும் வைத்தார். தவறிப்போச்சு என்று சொன்னாரே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பதில் அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கீழே தம்பியிடம், ‘மாப்ள, நான் பாஸாயிட்டேன்டா’ என்றார். தம்பி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான்.

திரும்பி வருகிற மூன்று நாளும் அவர் என்னோடு பேசவில்லை. ‘மாப்ள, தண்ணி வேணும்னு உங்க அக்காகிட்ட சொல்லு.’ ‘மாப்ள, தலகாணி எறக்கமா இருக்குதுன்னு சொல்லு.’ நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே கத்துவான், ‘அக்கா, தலகாணி.’ வேறு வேளையாக இருந்தால் சிரித்திருப்பேன். உடம்பைத் துடைத்துவிட்டேன், வாளி எடுத்தேன், கஞ்சி ஊட்டினேன். வாயைத் திறந்தார், கண்ணை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார்.

விருத்தாசலம் வந்ததும் தெருவில் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் தான் பாஸ் ஆன சேதியைச் சொன்னார். பார்க்க வந்தவர்கள், காஸ் சிலிண்டர் போடுகிறவர், ஊசி போட வந்த நர்ஸம்மா, ஒருவரையும் விடவில்லை. ‘நேவியில பாஸான நெஞ்சும்மா இது, பாத்துக் குத்து’ என்பார். இப்போ எங்கே சார் குறை என்று யாராவது கேட்டால், ‘தூசி’ என்பார். அதுவரைக்கும் ஒரு நாளும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. கம்பெனியைக் கேளுங்கள், நஷ்ட ஈடு கேளுங்கள் என்று ஒருவர் மனு எழுதிக்கொண்டு வந்தார். அதற்கெல்லாம் காலம் கடந்திருந்தது.

ஒரு நாள் காலையில் தம்பி இல்லாதபோது, சுவரைப் பார்த்தபடி என்னிடம் நேராகப் பேசினார். ‘லெட்டர்ல என்ன போட்டிருந்துச்சு? சொல்லு.’

சொன்னேன். மேலே சர்க்கார் முத்திரை. அவர் பெயர், அவர் அப்பா பெயர். செலக்டட். ஒரிசாவில் இறங்க வேண்டிய ஸ்டேஷன். வெள்ளைச் சட்டை இரண்டு, கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி, பள்ளிக்கூட சர்டிபிகேட்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுநாளும் கேட்டார். அதற்குப் பிறகு தினமும் கேட்டார். எனக்கு நினைவில் இருந்தது அவ்வளவுதான். மீதியை நானாகச் சேர்த்தேன். ‘நேத்து ரெண்டு சட்டைன்ன, இன்னைக்கு மூணுங்கற. ஒழுங்கா படி’ என்று அதட்டுவார். அந்த அதட்டலுக்காகவே சில நாள் தப்பாகச் சொன்னேன்.

அவர் உயிர் போவதற்கு நான்கு நாள் முன்னால், நான் லெட்டரைச் சொல்லி முடித்ததும், வழக்கம்போலக் கண்ணை மூடாமல் என்னையே பார்த்தார். கப்பலுக்குப் பிறகு அவர் என்னை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

‘இப்ப அந்த லெட்டரு திரும்ப உன் கைக்கு வந்தா, எங்கிட்ட குடுப்பியா?’

‘குடுப்பேன் மாமா’ என்றேன்.

அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, ‘சரி, வுடு’ என்றார்.

நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். அவரோடு இருந்த வருடங்களை விட்டுவிடு, லெட்டரை அவரிடம் கொடு என்று இன்றைக்குக் கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன்.